பை வைத்தவனின் பெயர்

வெடிகுண்டை எப்படிச் செயலிழக்கச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நான் முதன்முதலில் போனைக் கையில் எடுத்தது பாலக்கரையில், என்னுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில், வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு மத்தியான நேரத்தில். கேள்வியைப் பாதி தட்டியதும் விரல் நின்றுவிட்டது. அழித்தேன். வேறு மாதிரி தட்டிப் பார்த்தேன். அதையும் அழித்தேன். சாப்பாட்டுக் கேரியருடன் உள்ளே வந்த என் மனைவி, நான் போனைக் கவிழ்த்து வைத்த வேகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னத்த மறைக்கிறீங்க?"

சொன்னேன். நானும் என் கல்லூரி நண்பனும் சேர்ந்து ஒரு வெப் சீரிஸுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தோம். அது அவளுக்குத் தெரியும். கதாநாயகன் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன் என்பது தெரியாது. சென்னையிலிருக்கும் தயாரிப்பாளர், "அச்சு அசலா இருக்கணும் சார், போலீஸ்காரங்களே பாத்துட்டு ஆமாம்னு சொல்லணும்" என்று சொல்லியிருந்தார். அதனால்தான் தேடுகிறேன் என்றேன்.

"உங்க பேர்ல இருக்கிற போன்லயா?"

"கதைக்குத்தானே."

"கதைக்குன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்." கேரியரின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். "வேற யாருக்குங்க தெரியும்? வேணாம். உங்க ஃப்ரெண்டு தேடட்டும்."

நாங்கள் முஸ்லிம்கள். என் மனைவி எதையும் பெரிதுபடுத்துகிறவள் அல்ல. எனக்கும் இந்த ஊரில் யாரும் கெடுதல் செய்ததில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் கண்ணாடி போட்டுக்கொள்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. இருந்தாலும் ரயில்வே ஸ்டேஷனில் சோதனை நடக்கும்போது, கேட்பதற்கு முன்பே பையின் ஜிப்பைத் திறந்து நீட்டுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என்னைப் பெற்ற அத்தாவும் அப்படித்தான் செய்வார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி போன பிறகு, அழித்ததெல்லாம் உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரன். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. நெற்றியில் மெல்லிசாக ஒற்றைத் திருமண் கோடு இல்லாமல் நான் அவனைப் பார்த்ததே இல்லை. கல்லூரி நாடகத்துக்கு நாங்கள் சேர்ந்து வசனம் எழுத ஆரம்பித்தது, அப்படியே டிவி சீரியல்கள் வரைக்கும் வந்திருந்தது.

"இவ்வளவுதானே? நான் தேடறேன். என்னை யாருடா கேக்கப் போறா?" என்றான்.

தேடினான். அன்று மாலையே என் வாட்ஸ்அப்பில் படங்களாக வந்து விழ ஆரம்பித்தன. பெரிய தலைக்கவசமும் கனத்த உடுப்புமாக நடந்துபோகும் ஆட்கள், சக்கரம் வைத்த இயந்திரங்கள், வாலை நீட்டிக்கொண்டு மோப்பம் பிடிக்கும் நாய்கள். ஒன்றைத் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. நான் உடனே கூப்பிட்டேன்.

"டேய், நீ அனுப்புறது எல்லாம் என் போன்லதான்டா வருது!"

மறுமுனையில் மறுபடியும் சிரிப்பு. "சரி சரி, அனுப்பலை. நீ இங்கேயே வந்து பாத்துக்கோ."

அதன் பிறகு கடையைச் சாத்திவிட்டு சாயங்காலங்களில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். அவன் வீட்டு மாடியறையில் அவன் போனில் அவன் விரலால் தள்ளத் தள்ள, நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அவனுடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பரீட்சைக்குப் படிக்கற மாதிரின்னா இருக்கு" என்பாள். எனக்குப் பிடித்த பக்கத்தில் அவன் நிற்கமாட்டான். அவனுக்குப் பிடித்தது எனக்கு வேண்டாததாக இருக்கும். போனை வாங்கி நானே பார்த்துவிடலாம்தான். அவன் நீட்டினாலும் நான் வாங்கவில்லை. கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படித்ததில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. மீதி, வெளிநாட்டு நடைமுறை. நம் ஊரில் எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஆட்களைத்தான் பார்க்க வேண்டும் என்றான் நண்பன். அவனே கமிஷனர் ஆபீஸுக்கு எழுதிப் போட்டான், அவனே நடந்தான். அனுமதி வந்தபோது, அதில் என் பெயரையும் சேர்த்திருந்தான் என்று தெரிந்தது. நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னேன். மனைவி, "போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்களா போறீங்க பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்டேஷன் இல்லை அது. ஆயுதப்படை மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம். பின்பக்கம் நாய்களின் கூண்டுகள். எங்களிடம் பேச நியமித்திருந்தவர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மருங்காபுரிப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எங்கள் ஆதார் நகல்களை வாங்கிப் பார்த்தார். முதலில் நண்பனுடைய பெயரை வாய்விட்டுப் படித்தார். அடுத்து என்னுடையதைப் படித்தார். அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் அவருடைய குரல் மாறுகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மாறவில்லை. மாறாததுகூட வேண்டுமென்றே மாறாமல் வைத்துக்கொண்டதோ என்று தோன்றியது.

"உக்காருங்க சார். சீக்கிரம் கேளுங்க, பத்து நிமிஷத்துல ஏர்போர்ட் போவணும்."

நண்பன் சிவப்பு ஒயர், நீல ஒயர் என்று ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒயர் வெட்டுறதெல்லாம் மறந்துடுங்க சார். எங்க வேலையில முக்காவாசி ஆளுங்கள அந்த எடத்த விட்டு வெளியேத்துறதுதான். கயிறு கட்டுவோம். போன் பேசாதீங்கன்னு கத்துவோம். ஒருத்தன் கயித்துக்கு அடியில நுழைஞ்சு வீடியோ எடுப்பான். அவன வெளிய தள்ளுவோம். நாய் போவும், பாக்கும். அப்புறம் ஒரே ஒருத்தர் சூட்டப் போட்டுக்கிட்டுப் போவாரு. அந்த சூட்டுக்குள்ள என்ன சூடுன்னு நீங்க எழுதுங்க. அதத்தான் யாரும் எழுத மாட்டேங்கறாங்க."

"பயமா இருக்காதா மேடம்?" என்று நண்பன் கேட்டான்.

"பையப் பாத்தா பயமில்ல. பைய ஆளுங்க தூக்குவாங்களேன்னுதான் பயம்."

நான் எதுவும் கேட்கவில்லை. கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நாக்கு வரைக்கும் கொண்டுவந்து, இதை நான் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்து விழுங்கினேன். "நீங்க ஒண்ணும் கேக்கலியா?" என்று அவரே என் பக்கம் திரும்பினார். "நாய்க்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டுவைத்தேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்துவிட்டது. போகிற போக்கில், வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் வெடிகுண்டு ஒத்திகை ஒன்று நடக்கும், வந்து பாருங்கள் என்றார். படியில் இறங்கியவர் நின்று, எங்கள் இருவரையும் ஒருமுறை அளப்பது போலப் பார்த்தார்.

"எங்க ஆளுங்க மூஞ்சி அங்க இருக்கிற கடைக்காரங்க எல்லாருக்கும் தெரியும் சார். மஃப்டியில போனாலும் 'வாங்க ஏட்டய்யா'ம்பாங்க. தெரியாத மூஞ்சி ஒண்ணு வேணும், பைய வச்சிட்டு வர. இவரு அந்த ஊர்க்காரரு, சரிப்படாது. நீங்க வைக்கிறீங்களா?"

என்னைத்தான் கேட்டார்.

"நானா?"

"உள்ள மணல் டப்பாவும் நாய்க்குப் பழக்கின வாசனைத் துணியும்தான் இருக்கும். பெரிய ஆபீசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கதைக்கும் உதவும்ல?"

நண்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், நான் வேணா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. மாட்டேன் என்றால் அதற்கொரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மனைவியிடம் ஒத்திகையைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். ராத்திரி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை. ராஜகோபுரத்துக்கு எதிரே பஸ்கள் வந்து நின்று கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. ஐயப்பன் மாலை போட்டவர்கள், ஆந்திராவிலிருந்து வேன் வைத்து வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒரு குடும்பம். சாதாரண பழுப்பு நிறத் தோள்பை ஒன்றை அந்த அம்மா என்னிடம் கொடுத்தார். அவரும் சாதாரணப் புடவையில்தான் இருந்தார். டீக்கடை ஓரமாக நண்பனோடு நின்று, என்னைத் தெரியாதவர் மாதிரி பார்த்துக்கொண்டார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஜூஸ் கடைப் பக்கத்தில் இருக்கும் சிமெண்டுத் திண்டில் பையை வைக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற பக்கமாக நடக்க வேண்டும். யாராவது கவனிக்கிறார்களா, கவனித்தால் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் பார்ப்பார்கள். ஒத்திகை என்று மைக்கில் அறிவிக்கும் வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது.

பையை வைத்தேன். நடந்தேன். முதுகு முழுக்கக் கண்கள் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன. ஓடுவது போல் தெரியக் கூடாதே என்று குறைத்தேன். குறைத்ததும் தயங்குவது போல் தெரியுமோ என்று மறுபடி வேகம் எடுத்தேன்.

"அய்யா! கண்ணாடி போட்ட அய்யா!"

நின்றுவிட்டேன். துளசி மாலை விற்கிற ஓர் அம்மாள், நார்க்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் அந்தப் பையை வீசிக்கொண்டே என்னை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்.

"பைய விட்டுட்டு நீ பாட்டுக்குப் போறியே!"

"அத... அத அங்கேயே வைங்கம்மா. தொடாதீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒண்ணும் எடுக்கலப்பா. திறந்துகூடப் பாக்கல. சந்தேகம்னா நீயே பாத்துக்கோ" என்று அங்கேயே நின்று ஜிப்பை இழுக்கப் போனார். நான் பாய்ந்து பையை வாங்கிக்கொண்டேன். தொடாதீங்க என்று நான் சொன்னதை அவர், திருட்டுப் பட்டம் கட்டுவதாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. அது அப்படியில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது.

"இல்லம்மா, நீங்க எடுப்பீங்கன்னு சொல்லல. மன்னிச்சுக்குங்க."

"எந்த ஊரு?"

"பாலக்கரைதான்."

"உள்ளூர்க்காரரா இருந்துட்டு கூட்டத்துல பைய இப்படியா விடுவாங்க?" கோபம் தணிந்துவிட்டது. "பெருமாள சேவிச்சாச்சா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படியான ஓர் ஆட்டல். அவர் போய்விட்டார். டீக்கடைப் பக்கம் பார்த்தேன். எஸ்.ஐ. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நண்பன் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

"இதத்தான் சார் நான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா, நான் பையோடு திரும்பிப் போனதும். "நல்லவங்கதான். ஆனா நெசமான பையா இருந்தா? சரி, இன்னொரு தடவ. ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் வைங்க."

நான் கொஞ்சம் தைரியம் அடைந்திருந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பையைத் திருப்பிக் கொடுக்க ஓடிவந்திருக்கிறார்கள். இத்தனை நாளாக நான் எதை நினைத்துத் தவித்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டின் பக்கவாட்டில், மின்கம்பத்துக்குக் கீழே பையை வைத்துவிட்டு, இந்தத் தடவை நிதானமாகத்தான் நடந்தேன்.

நாலு எட்டு வைப்பதற்குள் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"சார், நில்லுங்க. அது உங்க பைதானே?"

ஆட்டோ டிரைவர். முப்பது வயது இருக்கும். பிடி முரட்டுத்தனமாக இல்லை. விடுவதாகவும் இல்லை.

"இல்ல."

"நீங்க வச்சத நான் பாத்தேன். இங்க கொஞ்சம் வாங்கண்ணே!" என்று மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டார். வந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் ஆகிவிட்டது. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். "பையத் தொடாதீங்கடா" என்று ஒருவர் கத்தினார். எங்கள் ஒத்திகைக்கு வேண்டியது அத்தனையும் அங்கே முறைப்படி நடந்துகொண்டிருந்தது. நான் ஒருத்தன்தான் வியர்த்து நின்றேன்.

"பேர் என்ன சார்?" என்று கேட்டார், கையைப் பிடித்திருந்தவர்.

என் பெயர் எனக்குத் தெரியும். நாக்கின் மேல் இருந்தது. வட்டத்தில் இருந்த முகங்களைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். என் நண்பனின் பெயரைச் சொன்னேன்.

சொன்ன வேகத்தில் அவனைப் பார்த்துவிட்டேன். கூட்டத்தின் வெளிவிளிம்பில் எஸ்.ஐ. அம்மாவோடு வந்து நின்றிருந்தான். கேட்டுவிட்டான். அவன் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு, அப்படியே இருந்த இடத்தில் காணாமல் போனது.

"எந்தத் தெரு?" என்று டிரைவர் கேட்டபோது விசில் ஊதியது. சீருடைக்காரர்கள் வண்டியிலிருந்து குதித்து இறங்கினார்கள். அதன் பிறகு நான் இத்தனை நாளாகத் தெரிந்துகொள்ள அலைந்தது எல்லாம் என் கண்ணெதிரில் நடந்தது. கூட்டத்தைப் பின்னால் தள்ளினார்கள். கயிறு கட்டினார்கள். ஆட்டோக்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போனை அணைக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவன் கயிற்றுக்கு அடியில் நுழைந்தான், அவனை வெளியே தள்ளினார்கள். பழுப்பு நிற லாப்ரடார் ஒன்று வந்து பையைச் சுற்றி முகர்ந்து, அதன் எதிரே அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. அந்தக் கனத்த உடுப்புக்குள் ஒருவர் மெல்ல மெல்ல நடந்து போனார். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

எல்லாம் முடிந்து ஒத்திகை என்று அறிவித்தபோது கூட்டம் கைதட்டியது. எஸ்.ஐ. அம்மா மைக்கை வாங்கி, விழிப்போடு இருந்த ஆட்டோ டிரைவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். உதவிக்கு வந்த எழுத்தாளருக்கு நன்றி என்று சொல்லி, என் முழுப்பெயரையும் தெளிவாக உச்சரித்தார். டிரைவர் என் கையைக் குலுக்க வந்தவர் ஒரு கணம் குழம்பி நின்றார்.

"வேற பேருல்ல சொன்னீங்க?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ஓ, நடிப்புக்காண்ணே!" என்று அவரே சிரித்து என் தோளைத் தட்டினார். "நல்லா நடிச்சீங்க. கை எல்லாம் நடுங்குச்சு."

நண்பன் தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அம்மா மண்டபம் பக்கமாக நடந்தோம். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் யாரோ திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரை ஏன்டா சொன்னே?"

"வாயில வந்தது அதான்."

"போலீஸ் கூடவே இருந்தா. நானும் இருந்தேன். ஒண்ணும் ஆகியிருக்காதேடா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். கத்திவிட்டால் தேவலை என்றும் இருந்தது. மனைவியிடம் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன், பெயர் மாற்றிச் சொன்னதையும் சேர்த்து. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு அடையாளமும் இல்லை. "நானா இருந்தாலும் வேற பேருதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

திரைக்கதையை எழுதி முடித்தோம். கயிறு, விசில், கூட்டம், சூட்டுக்குள் இருக்கிறவனின் வியர்வை என்று நடைமுறை எல்லாம் கச்சிதமாக வந்திருந்தது. குண்டு வைக்கிறவனை மட்டும் 'அவன்' என்றே எழுதியிருந்தோம். தயாரிப்பாளர் படித்துவிட்டு வீடியோ காலில் வந்தார். நாங்கள் நண்பனின் மாடியறையில் ஒரே லேப்டாப்பின் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பிரமாதம் சார். ஒண்ணே ஒண்ணு. இந்த 'அவன்' யாரு? ஒரு பேர் வேணுமே. பேர் இருந்தாத்தானே சார் ஆடியன்ஸுக்கு ஒரு முகம் வரும்?"

அவர் எந்த மாதிரிப் பெயரையும் சொல்லவில்லை. அதை இங்கே நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் திரையில் அவர் கண்கள் ஒரு நொடி என் பக்கம் வந்து, வேகமாக விலகின. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"இருக்கு சார்" என்றான் நண்பன். "அவனுக்குப் பேர் இருக்கு. என் பேர்தான்."

"சார், ஜோக் அடிக்காதீங்க."

"ஜோக் இல்லை. என் பேர், முழுசா. திருமண்ணும் போட்டு விடுங்கோ. கோவில் பக்கம் எவ்வளவு சுலபமா நடந்துண்டு போவான் பாருங்கோ. எவனும் அவனை நிறுத்தமாட்டான். உங்க கதைக்கு அது நன்னா இருக்கும்."

நான் அவன் தொடையில் தட்டினேன், வேண்டாம் என்று. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தயாரிப்பாளர் தாடையைச் சொறிந்தார். பிறகு அவருக்குள் ஏதோ கணக்கு ஓடுவது தெரிந்தது. "யாருமே எதிர்பாக்க மாட்டாங்கல்ல?" என்றார் மெதுவாக. "ட்விஸ்ட்டு சார் இது."

அப்படியே எடுத்தார்கள். துளசி மாலைக்கார அம்மாள் பையைத் திருப்பிக் கொடுக்க ஓடிவரும் காட்சியை மட்டும், கதை அந்த இடத்தில் நிற்கிறது என்று வெட்டிவிட்டார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். திருமண் வேண்டாம் என்று யாரோ பயந்து அதையும் எடுத்துவிட்டார்கள். பெயர் நின்றது.

தொடர் வெளியான பிறகு, கடை மூடும் நேரத்தில் நண்பன் பாலக்கரைக்கு வந்தான். வழக்கமாக நான்தான் அங்கே போவேன். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"ஆபீஸ்ல லிஃப்ட்ல ஏறினா, 'சார், பையைக் காட்டுங்கோ'ங்கறா" என்றான். "பொண்ணை ஸ்கூல்ல கேலி பண்றாளாம். சித்தப்பா ஃபோன் பண்ணி, பெருமாள் பேரைப் போய் இப்படி வச்சிருக்கியேன்னு ஒரு மூச்சு திட்டினார். அப்புறம் அவரே சிரிச்சுட்டார்."

"நான்தான் அப்பவே வேணாம்னு தட்டினேனே."

"அது இல்லைடா." டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். "ஏதாவது உறைக்கும்னு நெனைச்சேன். உனக்கு என்ன ஆறதுன்னு எனக்கும் கொஞ்சம் தெரியும்னு. ஒண்ணுமே உறைக்கலை. எல்லாரும் சிரிக்கறா. நானும் சிரிக்கறேன். அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது."

நான் என் டீயைக் குடித்து முடித்தேன்.

"உன் பேரா இருந்திருந்தா?" என்று கேட்டான்.

"சிரிச்சிருக்க மாட்டாங்க."

தலையை ஆட்டினான். அந்த ஆட்டல் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. கல்லூரியிலிருந்து கூடவே இருக்கிறவன். என் கல்யாணத்துக்கும் என் அத்தாவின் மவுத்துக்கும் அடக்கத்துக்கும் வந்து நின்றவன். "இதத் தெரிஞ்சுக்க உனக்கு ஒரு சீரிஸ் வேண்டியிருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கிளாஸைக் கீழே வைத்தான்.

"வேண்டியிருந்துது" என்றான்.

அவனுக்கு பஸ் வந்தது. ஏறும்போது, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மாடிக்கு வா, அடுத்த கதையைப் பற்றிப் பேச வேண்டும் என்றான். பார்க்கலாம் என்றேன். போவேன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் போன பிறகும் நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கடையின் ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. எதிர்ச்சாரியில் கொஞ்ச தூரம் நடந்து போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல், திரும்பி வந்தேன்.